முதல் வாங்குக்கு எந்த மரம்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அலுவலக வேலை பார்ப்பவர். சனி, ஞாயிறுகளில் தளபாடம் செய்யப் பழகலாம் என்று ஒரு கைவாளும் ஒரு சீவுளியும் மூன்று உளிகளும் வாங்கி வைத்திருக்கிறார். வீட்டு விறாந்தையில் போடுவதற்கு 4 அடி நீளமான ஒரு வாங்கு செய்வது அவருடைய முதல் எண்ணம். மரக்காலையில் விசாரித்தபோது, தேக்கு அல்லது முதிரை தவிர வேறு எதைப் போட்டாலும் கறையான் தின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மாமாவோ, பழகுகிற கைக்கு ஒட்டுப்பலகையே போதும் என்கிறாராம். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பதே அவருடைய கேள்வி.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது; ஆனால் இருவருமே உங்கள் வேலையை மனதில் வைத்துப் பேசவில்லை. நிலை, கதவு, யன்னல் என்று வாங்க வருகிறவர்களுக்கு நாள் முழுவதும் சொல்லிப் பழகிய பதிலையே மரக்காலைக்காரர் உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். சுவரோடு சேர்ந்து மழையிலும் வெயிலிலும் ஐம்பது வருடம் நிற்க வேண்டிய மரத்துக்கு அந்தப் பதில் சரியானதுதான். கூரைக்குக் கீழே நிற்கப்போகிற, நினைத்தால் தூக்கி இடம் மாற்றக்கூடிய, அதுவும் கை பழகாத ஒருவர் செய்யப்போகிற வாங்குக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மரம் காய்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். உங்கள் உளிக்கும் சீவுளிக்கும் அது இடம் கொடுக்குமா என்பதை அடுத்ததாகப் பாருங்கள். பூச்சிக்கும் கறையானுக்கும் தாங்குமா என்பது மூன்றாவது. மரத்தின் பெயர் இவற்றுக்குப் பிறகுதான் வரும்.

மரம் காய்ந்திருப்பதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆரையம்பதியில் ஓடாவி வேலை செய்த என் தந்தையாரிடம் தொழில் பழகிய நான், தனியாகச் செய்த முதல் மேசை தேக்கு. ஒரு மார்கழி மாதம், மழைக்கு நடுவே, நன்றாகக் காய்ந்த மரம் என்று ஒருவர் தந்த வாக்கை நம்பி 12 அங்குல அகலப் பலகைகள் இரண்டை வாங்கி, அடுத்த கிழமையே அவற்றை ஒட்டி, மேசைத் தட்டாக்கி, கீழ்ச் சட்டத்தோடு அசையாமல் ஆணியடித்துவிட்டேன். வைகாசியில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கிய ஒரு மத்தியானம் வீட்டுக்குள் துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. அது யுத்த காலம் என்பதால் வீட்டிலிருந்த எல்லோரும் நிலத்தில் படுத்துவிட்டார்கள். எழுந்து பார்த்தபோது மேசைத் தட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிளந்திருந்தது. தந்தையார் மாலையில் வந்து, அந்தப் பிளவுக்குள் ஒரு ரூபாய்க் குற்றியைப் போட்டார். அது அடியில் விழுந்து உருண்டு போனது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். பச்சை மரத்தின் கலங்களுக்குள் நிறைந்திருக்கும் நீர் வெளியேறும்வரை மரம் சுருங்குவதில்லை. மரத்தின் உலர்ந்த எடையோடு ஒப்பிட்டு ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது, கலச் சுவர்களில் ஊறியிருக்கும் நீர் போகத் தொடங்குகிறது. சுருக்கமும் அப்போதுதான் தொடங்குகிறது. நீளவாட்டில் இந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு, அகலவாட்டில்தான் வினை. பச்சையிலிருந்து முற்றாகக் காயும்வரை பார்த்தால் சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை அகலத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதமும், மகோகனி 4 சதவீதமும் சுருங்கும். பலகை சுருங்க விரும்புகிறது, ஆணி விட மறுக்கிறது. இடையில் பிளப்பது பலகைதான்.

அத்தோடு முடிவதும் இல்லை. நன்றாகக் காய்ந்த மரமும் காற்றின் ஈரத்துக்கேற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் 12 சதவீதத்தையும், 80 சதவீதமாக நீடித்தால் 16 சதவீதத்தையும் ஒட்டி நிற்கும். கச்சான் காலத்துக்கும் ஐப்பசி முதல் தை வரையான மாரிக்கும் இடையில் நம் கரையோர வீடுகளில் இந்த அளவு மாற்றம் சாதாரணம். 12 அங்குல அகலத் தேக்குப் பலகையொன்று இதனால் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் அகலும், சுருங்கும். ஆகவே உங்கள் வாங்கின் தட்டை ஒரே அகலப் பலகையாகத் தேடி அலைய வேண்டாம். 6 அங்குலப் பலகைகள் இரண்டை, நடுவில் கால் அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். ஒட்டும் வேலை மிச்சம். மரத்துக்கும் அசைய இடம் கிடைக்கும். அகலப் பலகையைவிட இரண்டு ஒடுக்கப் பலகைகள் விலையிலும் இலகுவாக அமையும்.

காய்ந்ததா இல்லையா என்பதை யாருடைய வாக்கையும் நம்பாமல் நீங்களே அறியலாம். பலகையிலிருந்து ஒரு சிறு துண்டை, முனையிலிருந்து அல்லாமல் ஓர் அடியாவது உள்ளே தள்ளி வெட்டி எடுத்து, சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு வெதுப்பியில் 100 பாகைக்குச் சற்று மேலான சூட்டில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுங்கள். 60 கிராம் இருந்த துண்டு 50 கிராமில் நின்றுவிட்டால், போன 10 கிராமை 50 ஆல் பிரித்துப் பாருங்கள்: ஈரம் 20 சதவீதம். அந்த மரத்தில் இப்போது கை வைக்கக் கூடாது. 15 ஐ அண்டி இருந்தால் வீட்டுக்குள் சில கிழமை வைத்துவிட்டுத் தொடங்கலாம். வாங்குமுன் துண்டு வெட்ட விடமாட்டார்களே என்பீர்கள், உண்மைதான். மரக்காலையில் கையால் தொட்டுப் பாருங்கள். புதிதாக அறுத்த முகம் கன்னத்தில் குளிர்ச்சியாக ஒட்டினால் ஈரம் இருக்கிறது. விரல் மொழியால் தட்டும்போது காய்ந்த பலகை கணீரென்றும் ஈரப் பலகை மந்தமாகவும் ஒலிக்கும். இவை துல்லியமான சோதனைகள் அல்ல. ஆனாலும் அதே குவியலில் நல்லதைப் பொறுக்குவதற்கு உதவும்.

இனி மரங்களுக்கு வருகிறேன். உங்களுக்கு நான் முதலில் சொல்வது மகோகனி. நம் நாட்டு மரமல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆனால் இப்போது இலங்கையில் பரவலாக நட்டு வளர்க்கப்படுகிறது, தேக்கைவிட விலையும் இறங்கியது. சீவுளிக்கு இணங்கிப் போகும், உளி வைத்த இடத்தில் சுத்தமாக வெட்டும், மேலே சொன்னபடி சுருக்கமும் குறைவு. பழகாத கையின் பிழையை இவ்வளவு பொறுத்துக்கொள்ளும் மரம் வேறு அதிகமில்லை. அதன் குறை, பட்டையை ஒட்டிய வெளிர் நிற வெள்ளைப் பகுதியில் உளுப்பு விழும், அதாவது பூச்சி உள்ளே தின்று மாவாக்கிவிடும் என்பது. மரத்தின் உட்பக்கத்திலுள்ள சிவந்த வயிரப் பகுதி மட்டும் உள்ள பலகையாகப் பார்த்து எடுங்கள்.

மகோகனிக்குச் சமமாக, கிடைத்தால் அதற்கும் மேலாக, பலாவை வைப்பேன். புதிதில் மஞ்சளாக இருந்து வெயிலும் வெளிச்சமும் படப்பட மண்ணிறமாக முதிரும், மிதமான கனம், வயிரத்தைக் கறையான் இலகுவில் தொடாது, கூரிய உளிக்குப் பணிந்து போகும். என் பட்டறையில் நான் இன்றும் பாவிக்கும் வேலை மேசை, 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியில் எங்கள் வளவில் விழுந்த பலாவிலிருந்து தந்தையார் செய்தது. விழுந்த மரத்தை அறுப்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் அடுக்கி வைத்துவிட்டுத்தான் அவர் அதில் வாள் வைத்தார். தட்டு இன்றுவரை அசையவில்லை. பலாவில் ஒரு சிக்கல் என்னவென்றால், 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. ஆகவே, உறவினர் வீட்டில் ஒரு பலா நிற்கிறது என்ற எண்ணத்தில் வாளோடு புறப்பட்டுவிடாதீர்கள். முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மரக்காலையில் வாங்கும் எந்த மரத்துக்கும் பற்றுச்சீட்டு எழுதி வாங்கி, வீடு வந்து சேரும்வரை கையில் வைத்திருங்கள்.

தேக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் இந்தத் தீவுக்கு வந்து, வறண்ட வலயத்தில் தோட்டம் தோட்டமாக நடப்பட்ட மரம்; அதன் பெயர் வீணாக வந்ததல்ல. ஆனால் அதிலுள்ள சிலிக்கா உங்கள் சீவுளி அலகை விரைவில் மழுக்கிவிடும். அலகு தீட்டப் பழகாதவருக்கு இது பெரிய தொல்லை. அதன் எண்ணெய்த் தன்மையால் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஒட்டும் முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று மலிவாகக் கிடைக்கும் தேக்கிற் பெரும்பகுதி இளம் மரம். அதில் பாதிக்குப் பாதி வெள்ளை இருந்தால், நீங்கள் தேக்கின் விலையைக் கொடுத்து உளுப்புக்கு இரை வாங்குகிறீர்கள். தேக்கு என்ற சொல்லில் இருக்கும் உறுதி அதன் வயிரத்துக்கு உரியது, வெள்ளைக்கு அல்ல.

முதிரையை முதல் வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அழகில் அதற்கு நிகரில்லை. சீவி மினுக்கினால் பட்டுப்போல ஒளிரும். ஆனால் ஒரு பட்டை இப்பக்கமும் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமுமாக ஓடும் பின்னல் நார் அதற்கு. எந்தப் பக்கமிருந்து சீவினாலும் எங்கோ ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கைவாளால் ஒரு காலை அறுத்து முடிப்பதற்குள் ஆசை விட்டுப்போகும். அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்ட பிறகு நல்ல முதிரை அரிதாகியும் விட்டது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் முதிரை நிலையோ வளையோ அகப்பட்டால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வருடத்தில் உதவும். அப்போதும், காந்தமொன்றை மேலே ஓட்டி மறைந்திருக்கும் ஆணிகளைத் தேடாமல் வாள் வைக்காதீர்கள். பாலை இன்னும் கனம், தண்ணீரில் போட்டால் தாழும். அது வீட்டு வளைக்கும் பாலத்துக்குமான மரம். கருங்காலி தறிப்பதற்குத் தடையுள்ள மரம் என்பதால் அதை விட்டுவிடலாம்.

சவண்டலை பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் கிழக்கில் பிறந்தவர் அதைத் தெரியாமல் இருக்கக் கூடாது. திருகோணமலைத் துறைமுகத்தினூடாக வெளியே போனதால் உலகச் சந்தையில் திருகோணமலை மரம் என்றே பெயர் பெற்றது. உறுதியும் வளைந்து கொடுக்கும் தன்மையும் சேர்ந்திருப்பதால் படகுக்கும் வண்டிக்கும் பீப்பாவுக்கும் அதைத் தேடினார்கள். கிடைத்தால் கால் செய்ய மிக நல்லது. தேடிப் போகத் தேவையில்லை.

வேம்பு நம் வளவுகளில் நிற்பது, கறையானும் பூச்சியும் எளிதில் அண்டாது, விலையும் குறைவு. அம்மன் மரம் என்று அதில் அமர்வதற்குத் தயங்கும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். தொழில் முறையில் பார்த்தால் வேம்பின் நாரும் ஓரளவு பின்னல்தான், சீவும்போது பிய்யும், அலகை மிகக் கூராக்கி, மிக மெல்லியதாகச் சீவினால் சமாளிக்கலாம். கடற்கரையோரம் நிற்கும் பூவரசு பருத்த அடியாகக் கிடைத்தால் விடாதீர்கள், உளிக்கு அருமையான மரம்; ஆனால் நேரான 4 அடிப் பலகை அதில் அமைவது கஷ்டம், காலுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் பாவிக்கலாம்.

மாமரத்தைப் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. பொருத்து வெட்டிப் பழக, சீவுளியின் குணத்தை அறிய, பிழை விட்டால் அடுப்புக்குப் போட, மாமரத்தைப் போல மலிவான ஆசான் கிடையாது. பொருத்துக்கான உங்கள் முதல் துளையையும் அதற்குள் நுழையும் முதல் நாக்கையும் மாமரத்துண்டில் வெட்டுங்கள், ஒன்றல்ல, பத்து. அதையே வாங்காகவும் செய்ய விரும்பினால் போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த நீரில் பலகையை நன்றாக ஊறவிட்டுக் காயவைத்துப் பாவிக்கலாம்; உளுப்புக்கு அது நல்ல காப்பு. மழை பட்டால் அந்த மருந்து கழுவிப் போய்விடும் என்பதால் தூவானம் அடிக்கும் விறாந்தைக்குப் பொருந்தாது. இறப்பர் மரப் பலகைகளும் இதே வகைதான்: சிறு துண்டுகளை விரல் விரலாகக் கோத்து ஒட்டி, மருந்தூட்டி, காயவைத்து வருவதால் நேராகவும் காய்ந்தும் இருக்கும், வீட்டுக்குள் வைக்கும் றாக்கைக்கு நான் தயங்காமல் சொல்வேன், ஈரம் படும் இடத்துக்குச் சொல்லமாட்டேன். அல்பீசியா மரமோ, ஆட்கள் இருந்து எழும்பும் வாங்குக்கு மிகவும் மென்மை.

மாமாவின் ஒட்டுப்பலகை அலுமாரி முதுகுக்கும் லாச்சி அடிக்கும் நல்லது. அதில் வாங்கு செய்யலாம், ஆனால் சீவுளியும் உளியும் பழகுவதற்கு அதில் வேலையே இல்லை. ஓரங்களை மறைக்கத் தனியாக றீப்பை ஒட்ட வேண்டும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையோ, வெள்ளம் ஒருமுறை வந்து போகும் ஊர்களில், ஒரு மாரியிலேயே பாண் போல ஊதிவிடும்.

மரத்தைப் பெயரால் ஏமாற்றுவதற்கு எதிராக உங்களிடம் ஒரு தராசு இருக்கிறது. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிப்புள்ள காய்ந்த பலகை என்று கணக்குப் பாருங்கள்: அல்பீசியா என்றால் முக்கால் கிலோவை ஒட்டி இருக்கும், மகோகனி 1.3 அல்லது 1.4 கிலோ, தேக்கு ஒன்றரைக் கிலோ, முதிரை இரண்டு கிலோவுக்கு மேல். மரத்துக்கு மரம் சற்று வேறுபடும். ஆனால் தேக்கு என்று தந்த பலகை இந்தக் கணக்கில் ஒரு கிலோவும் வராவிட்டால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பலகையைப் பொறுக்கும்போது ஒரு முனையை நிலத்திலும் மறுமுனையைக் கண்ணுக்கருகிலும் பிடித்து, ஒற்றைக் கண்ணால் ஓரத்தின் வழியே நோக்குங்கள். வில் போல வளைந்தது பரவாயில்லை, குறுகிய துண்டுகளாக வெட்டும்போது அது குறைந்துவிடும். முறுக்கியதை எடுக்காதீர்கள், அதை நேராக்க முயன்றால் ஓர் அங்குலப் பலகை அரை அங்குலமாகிவிடும். பிறகு வெட்டுமுகத்தைப் பாருங்கள். மரத்தின் நட்டநடுச் சோற்றி பலகைக்குள் தெரிந்தால் அது எப்படியும் வெடிக்கும். வளையக் கோடுகள் பலகையின் அகலத்துக்குக் குத்தாக நின்றால் அதுவே மிகவும் அசையாத பலகை. வில்லாக வளைந்து தெரிந்தால், காயும்போது ஓரங்கள் மரப்பட்டை இருந்த பக்கமாக மேலெழும். குண்டூசித் துளைகளும் அவற்றிலிருந்து மா போன்ற தூளும் கண்டால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். அந்தப் பூச்சி உங்கள் வீட்டு மற்றத் தளபாடங்களுக்கும் போகும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குக் கணக்கு எளிது. அங்குலத்தில் அகலத்தையும் தடிப்பையும் பெருக்கி, அடியில் நீளத்தால் பெருக்கி, 144 ஆல் பிரித்தால் கன அடி வரும். உங்கள் தட்டுக்கு 12 க்கு 1 இல் 4 அடி, அது 0.33 கன அடி. ஒன்றரை அடிக் கால்கள் நான்கு, 2 க்கு 2 இல் மொத்தம் 6 அடி, 0.17, சட்டங்களுக்கு 3 க்கு 1 இல் எட்டரை அடி, 0.18. கூட்டினால் 0.68. சீவலுக்கும் வெட்டுக்கழிவுக்கும் உங்கள் பிழைகளுக்குமாக மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, ஒரு கன அடி வாங்கினால் போதும். ஓர் அங்குலம் என்று வாங்கும் கரட்டுப் பலகை சீவி முடிந்ததும் முக்கால் அங்குலத்தை அண்டி நிற்கும் என்பதையும் அளவு போடும்போது நினைவில் வையுங்கள். ஆணிக்குப் பதிலாகப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி வாங்குங்கள். கடல் காற்றில் இரும்பு ஆணி சில வருடத்தில் துருவாகி மரத்தையும் கறுக்க வைக்கும்.

இப்போது மாசி மாதம். மழை ஓய்கிறது, மரம் வாங்க இதுவே நல்ல நேரம். பலகைகளை நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், கல் வைத்து, நிழலில் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே தடிப்பான றீப்பைத் துண்டுகளை, மேலுள்ளதும் கீழுள்ளதும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். வெட்டுமுகங்களில் வீட்டில் மிஞ்சிய ஏதாவது பெயின்ற் பூசிவிடுங்கள். முனைகளிலிருந்து ஈரம் பல மடங்கு வேகமாகப் போவதால்தான் அங்கே வெடிப்பு வருகிறது. உச்சியில் கனமான கற்கள் நாலைந்து வையுங்கள். குவியலோடு சேர்த்து ஓர் அடித் துண்டொன்றையும், அதன் முனைகளுக்கும் பூசி, வைத்து, கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எடையையும் திகதியையும் அதிலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். தொடர்ந்து மூன்று கிழமை எடை மாறாமல் நின்றால் மரம் வேலைக்கு வந்துவிட்டது. ஓர் அங்குலப் பலகைக்கு அநேகமாக ஆனி மாதமளவில் அது நடக்கும். அதுவரை மாமரத்துண்டில் பொருத்து வெட்டிப் பழகுங்கள். வாங்கு முடிந்த பிறகும் அந்த எடைத் துண்டை எறிந்துவிடாமல் விறாந்தையில் ஓர் ஓரமாக வையுங்கள். மார்கழி மழையில் அதை மறுபடி நிறுத்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக் காற்று மரத்தை எவ்வளவு அசைக்கிறது என்ற கணக்கு அடுத்து நீங்கள் செய்யப்போகும் மேசைக்கு முன்கூட்டியே கையில் இருக்கும்.